ஒரு டி-ஷர்ட், பத்து ஸ்டிரிப்

வாசகர் கேள்வி – பதில்

நவம்பர் நெருங்குகிறது. குழந்தைகள் தினமும் உலக நீரிழிவு தினமும் ஒரே நாளில், 14-ஆம் தேதியில் வருவதால், சுகர் உள்ள குழந்தைகளுக்காக ஓட்டம், நடை, கிரிக்கெட் என்று ஏதாவது நடத்த நினைப்பவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. என் மகளுக்கு ஏழு வயதில் டைப் 1 வந்ததையும், இப்போது அவள் கல்லூரியில் படிப்பதையும் முன்பு ஒருமுறை எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள்தான் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இந்த வாரப் பக்கம் முழுக்க அதற்கே.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நவம்பர் 14 அன்று மூன்று கிலோமீட்டர் நடை வைத்து, சுகர் உள்ள குழந்தைகளுக்குப் பணம் திரட்டலாம் என்று சொன்னேன். "சின்ன வயசிலேயே சாக்லேட்டும் ஐஸ்கிரீமுமா வாங்கிக் குடுத்து வளர்த்தது அவங்க தப்பு, அதுக்கு நாம ஏன் பணம் போடணும்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு இல்லத்தரசி, பெரம்பூர்

அவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: டைப் 1 மிட்டாய் தின்றதால் வருவதில்லை. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. அதற்கு அப்பா அம்மா செய்த தப்பு எதுவும் காரணமில்லை, குழந்தை சாப்பிட்டது எதுவும் காரணமில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது டைப் 2, அது வேறு. அதற்கு மாத்திரை உண்டு, நடைப்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் உதவும். டைப் 1 குழந்தைக்கு இன்சுலின் ஊசியை விட்டால் உயிர் வாழ வேறு வழி கிடையாது, அதுவும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஆயுள் முழுக்க.

என் மகளுக்கு வந்தது மே மாதம். வெயிலுக்குத்தான் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று விட்டுவிட்டேன். ராத்திரி மூன்று தடவை எழுந்தாள், நிறுத்தி நான்கு வருடமான படுக்கை நனைப்பது திரும்ப வந்தது, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று ஊக்கு குத்தி அனுப்பினேன். ஒரு நாள் காலையில் பாத்ரூம் தரையில் வரிசையாக எறும்பு, அவள் சிறுநீரில் இறங்கிய சர்க்கரைக்கு வந்தவை. அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவளுக்கு மூச்சு வாங்கியது, வாயில் பழ வாசனை அடித்தது, ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்தாள். ஆனால் வார்டுக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது உங்கள் குடியிருப்புக்காரர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான். அந்தக் கேள்வி ஒரு தாய்க்கு எப்படி வலிக்கும் என்பதை நீங்கள் அவர்களிடம் சொல்லலாம், என் பெயரைச் சொல்லியே சொல்லலாம்.

இன்னொன்று. அந்த நடைக்கு பேனர் அடிக்கும்போது "சர்க்கரையைத் தவிர்ப்போம்" என்று தயவுசெய்து போடாதீர்கள். இந்தக் குழந்தைகளுக்கு சர்க்கரை அளவு திடீரென்று இறங்கும்போது சர்க்கரைதான் மருந்து. அதற்குப் பதிலாக நான்கே அறிகுறிகளைப் போடுங்கள்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத இளைப்பு, ஓயாத சோர்வு. நடந்து போகிறவர்களில் யாராவது ஒருவர் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைக் கவனித்தால், அன்றைக்கு வசூலான பணத்தைவிட அது பெரிது.

நவம்பர் 14-க்கு ஒரு காரணம் உண்டு, அதையும் நடை தொடங்கும் முன் இரண்டு நிமிடம் சொல்லலாம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் பான்டிங் பிறந்த நாள் அது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதல் ஊசி போட்டுக்கொண்டவன் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன். அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டு சில மாதம் கூடுதலாக வைத்திருந்ததுதான் வைத்தியம். அந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமையை அவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

நானும் ஆபீஸ் நண்பர்களும் வேளச்சேரியில் ஒரு டர்ஃபில் (வலை கட்டிய செயற்கைப் புல் மைதானம்) 16 அணிகள் வைத்து பாக்ஸ் கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்தப்போகிறோம். நுழைவுக் கட்டணம் அணிக்கு 3,000. மிஞ்சுவதை டைப் 1 குழந்தைகளுக்குக் கொடுக்க ஆசை. பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா? எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?
– ஒரு மென்பொருள் ஊழியர், வேளச்சேரி

தம்பி, நீங்கள் கேட்டதில் "மிஞ்சுவதை" என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

16 அணி, 3,000 வீதம், மொத்தம் 48,000. நாக்-அவுட் என்றால் 15 மேட்ச். சனி ஞாயிறு சேர்த்து டர்ஃப் 12 மணி நேரம் வேண்டும், மணிக்கு 1,200 என்றால் 14,400. அம்பயர் இருவருக்கு 3,000. பந்து, தண்ணீர் கேன், கோப்பை எல்லாம் சேர்த்து 5,000. மிச்சம் 25,600. இதுவரைக்கும் சரி. அப்புறம் யாராவது ஒருவர் எழுந்து "எல்லாருக்கும் டி-ஷர்ட் போட்டா நல்லா இருக்கும்டா" என்பார். அணிக்கு ஏழு பேர், 112 டி-ஷர்ட், ஒன்று 200 ரூபாய், 22,400. இப்போது கையில் இருப்பது 3,200.

இதை நான் ஏன் இப்படி ரூபாய் பைசாவாகச் சொல்கிறேன் என்றால், ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் சில பெற்றோர்கள் சேர்ந்து கடற்கரைச் சாலையில் ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தினோம். முன்னூறு பேருக்கு மேல் வந்தார்கள். மேடை, மைக், மெடல், டி-ஷர்ட், காலை டிபன். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, அதை நடத்திக்கொடுத்த நிறுவனத்துக்குப் போனதில் பத்தில் ஒரு பங்குகூட குழந்தைகளுக்கு மிஞ்சவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு செலவுக்கும் பில் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது அந்தப் பணம் ஒரு வீட்டில் என்னவாகிறது என்று பாருங்கள். ஒரு குழந்தைக்கு நாளைக்கு நான்கு தடவையாவது விரலில் குத்திப் பார்க்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன் மூன்று, படுக்கும் முன் ஒன்று. அந்த ரத்தத் துளியை வைத்து சுகர் பார்க்கிற ஸ்டிரிப் ஒன்று சுமாராக 20 ரூபாய் என்று வையுங்கள், மாதத்துக்கு 120 ஸ்டிரிப், 2,400 ரூபாய். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் வீட்டில் குத்திப் பார்க்கிற ஸ்டிரிப் பெரும்பாலும் கைக்காசுதான். அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? நான்கு தடவை பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை பார்ப்பார்கள். சில வீடுகளில் ஒரு பாட்டில் ஸ்டிரிப்பை மூன்று மாதம் வைத்திருப்பார்கள், குழந்தை மயங்கினால் மட்டும் எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் எத்தனை யூனிட் இன்சுலின் போடுவது என்பது ஒரு குத்துமதிப்பு. உங்கள் 25,600 ரூபாயில் ஒரு பிள்ளை பத்தரை மாதம் ஒழுங்காகக் குத்திப் பார்க்கலாம். டி-ஷர்ட் அடித்தால் நாற்பது நாள். ஒரு டி-ஷர்ட் பத்து ஸ்டிரிப். இதை அப்படியே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், ஒருவரும் டி-ஷர்ட் கேட்கமாட்டார்.

நுழைவுக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். ஆபீஸில் ஆட வராதவர்கள் இருப்பார்கள் இல்லையா, அவர்களிடம் "அரையிறுதியிலிருந்து ஒவ்வொரு சிக்ஸருக்கும் 20 ரூபாய்" என்று வாக்கு வாங்குங்கள். இருபது பேர் சொன்னால் ஒரு சிக்ஸருக்கு 400. அப்போது பந்து வலையில் மோதும்போதெல்லாம் ஒரு பிள்ளைக்கு ஐந்து நாள் ஸ்டிரிப் என்று பார்க்கிறவர்களுக்கே தெரியும். வாக்குக் கொடுத்த பணத்தை அன்று மாலையே வசூலித்துவிட வேண்டும், திங்கட்கிழமை ஆனால் மறந்துவிடும்.

பணமா பொருளா என்றால், முதலில் ஒரு மருத்துவமனையின் டைப் 1 கிளினிக்கிலோ பதிவு பெற்ற அறக்கட்டளையிலோ போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்காமல் பொருள் வாங்காதீர்கள். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி ஸ்டிரிப் பொருந்தாது. மீட்டரைச் சும்மாவே தருவார்கள், ஸ்டிரிப்தான் செலவு, அதனால் "நூறு குழந்தைகளுக்கு இலவச குளுக்கோமீட்டர்" என்று போட்டோ எடுத்துக்கொள்வதில் பாதி வீடுகளுக்குப் பிரயோசனமில்லை. ஸ்டிரிப்புக்குக் காலாவதித் தேதி உண்டு, தள்ளுபடியில் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கும்போது அதைப் பாருங்கள். சிரிஞ்சு வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். இங்கே அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் மருந்துக்கு உரியது. மாற்றிக் கொடுத்துவிட்டால் குழந்தைக்குப் போகிற அளவே மாறிவிடும், உயிர் விஷயம்.

ரசீதும் மறக்கக்கூடாது. நீங்கள் கொடுக்கும் அறக்கட்டளையிடம், 80ஜி என்று சொல்லிவந்த, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகையே. டோர்னமென்ட் முடிந்த வாரத்திலேயே வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி 16 கேப்டன்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த வருடம் அவர்களே தேடி வருவார்கள்.

என் மகனுக்குப் பதினோரு வயது. டைப் 1 வந்து மூன்று வருடம். பள்ளியில் அவனைப் போன்ற குழந்தைகளுக்காகவே ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள். அதில் தானும் ஓட வேண்டும் என்கிறான். பி.டி. சார் "வேண்டாம் சார், ரிஸ்க், அவன் கொடி அசைக்கட்டும்" என்கிறார். என் அம்மாவும் அழுகிறார். ஓடவிடலாமா?
– ஒரு அப்பா, தாம்பரம்

ஓடவிடுங்கள். அவனுடைய டாக்டரிடம் ஒரு தடவை பேசிவிட்டு ஓடவிடுங்கள்.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் உங்களுக்கு நினைவிருக்கும். பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது, தோற்ற வேதனையிலும் நம் ஊர்க் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அந்த அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அதை முன்னால் நின்று நடத்திய கேப்டன் வாசிம் அக்ரம். அவருக்கு 1997-லேயே சுகர் வந்து இன்சுலின் போட ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம்தான் இங்கே வந்து ஜெயித்தார், 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500-ஆவது விக்கெட்டையும் எடுத்தார். டென்னிஸில் அலெக்ஸாண்டர் ஸ்வெரெவ், டைப் 1 வந்தது நான்கு வயதில், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், இப்போது இந்தக் குழந்தைகளுக்காகவே ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். சைக்கிள் பந்தயத்தில் டீம் நோவோ நார்டிஸ்க் என்று ஒரு தொழில்முறை அணி இருக்கிறது, அதில் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் டைப் 1. உங்கள் அம்மாவிடம் இதெல்லாம் சொல்லுங்கள், முக்கியமாக சேப்பாக்கத்தை.

ஆனால் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஓடும்போது உடம்பு சர்க்கரையை வேகமாக எரிக்கும், அதனால் ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கி 'லோ' ஆகும். எங்கள் வீட்டில் என்ன செய்வோம் என்றால், கிளம்புவதற்கு முன் ஒரு தடவை குத்திப் பார்ப்போம். சுகர் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்டம். 250-க்கு மேல் இருந்து, இன்சுலின் போதாதபோது உடம்பில் சேருகிற கீட்டோனும் காட்டினால் அன்றைக்கு ஓட்டமே கிடையாது. ஓட்டத்துக்கு முன் போடுகிற ஊசியைத் தொடையில் போடமாட்டோம், ஓடுகிற காலில் மருந்து சீக்கிரம் ஏறிவிடும். யூனிட்டைக் குறைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், உங்கள் பையன் கணக்கு வேறு, என் பெண் கணக்கு வேறு.

அவன் பாக்கெட்டில் குளுக்கோஸ் பொடி ஒரு சின்னப் பொட்டலம் இருக்க வேண்டும். பலர் கடலை மிட்டாயோ சாக்லேட்டோ கொடுத்து அனுப்புகிறார்கள், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். லோ ஆன குழந்தைக்கு நிமிடக் கணக்கில் ஏற வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் உட்காரவைத்து, மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். 70-க்கு மேல் வராவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை பி.டி. சாருக்கும் தண்ணீர் கொடுக்கிற பிள்ளைகளுக்கும் முந்தின நாளே பத்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். லோ எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள்: கை நடுங்கும், வியர்க்கும், முகம் வெளுக்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் கோபப்படுவான். நம் சென்னைப் புழுக்கத்தில் எல்லாருக்கும்தான் வியர்க்கும், அதனால் வியர்வையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவார்கள். நடுக்கத்தையும் பேச்சையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். பகலில் ஓடியதற்கு ராத்திரி இரண்டு மணிக்குக்கூட லோ வரும். அன்று படுக்கும் முன் பாருங்கள், நடு ராத்திரியில் அலாரம் வைத்து ஒரு தடவை பாருங்கள். என் மகள் முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடிய அன்று, ராத்திரி அவள் விரலைப் பிடித்துக் குத்தும்போது அவள் முழிக்கவே இல்லை, 64 காட்டியது, தூக்கத்திலேயே எழுப்பி உட்காரவைத்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். காலையில் அவளுக்கு அது ஞாபகமே இல்லை. "நேத்து எத்தனை நிமிஷத்துல முடிச்சேன்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம், கொடி அசைப்பது. யாருக்காக ஓடுகிறார்களோ அந்தப் பையனை ஓரமாக நிற்கவைத்துவிட்டு மற்றவர்கள் ஓடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பள்ளி தயங்கினால் இதைச் சொல்லுங்கள்: பொதுத் தேர்வு எழுதுகிற டைப் 1 மாணவர்கள் மிட்டாய், பழம், சாண்ட்விச், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஹாலுக்குள் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்துவிட்டது. தேர்வு ஹாலில் முடிகிறது என்றால் மைதானத்திலும் முடியும்.

எங்கள் சங்கம் நடத்தும் சைக்கிள் பேரணிக்கு, உதவி பெறும் ஐந்து குழந்தைகளின் படத்தை பேனரில் போட்டால் நிதி அதிகம் வரும் என்கிறார்கள். அதில் ஒரு பெண் குழந்தையின் தாய் தயங்குகிறார். அவரை எப்படிச் சம்மதிக்கவைப்பது?
– சங்கச் செயலாளர், அண்ணாநகர்

சம்மதிக்கவைக்காதீர்கள். அவர் தயங்கியதே பதில்.

ஒரு ஏழைத் தாய்க்கு மாதம் முழுக்க ஸ்டிரிப் கொடுத்துவிட்டு "ஒரே ஒரு போட்டோ" என்று கேட்டால் அவரால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்? இந்தத் தாய் தயங்குகிற அளவுக்காவது துணிந்திருக்கிறார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் ஓடியது: நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது யாராவது இந்தப் படத்தைக் காட்டினால்? பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஊசி போடுகிற குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. பள்ளியில் பெண் குழந்தைகள் பாத்ரூமில் ஒளிந்து நின்று ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அது மாற வேண்டும்தான், ஆனால் அந்த மாற்றத்தின் பாரத்தை ஒரு சின்னப் பெண்ணின் முகத்தில் ஏற்ற நமக்கு உரிமையில்லை.

பேனரில் ஒரு சிரிஞ்சையும் ஒரு ஸ்டிரிப்பையும் பக்கத்தில் அதன் விலையையும் போடுங்கள். உலக நீரிழிவு தினத்துக்கென்றே ஒரு நீல வட்டம் இருக்கிறது, அதைப் போடுங்கள். வளர்ந்த டைப் 1 ஆட்கள், தாங்களாகவே முன்வருகிறவர்கள், சைக்கிளும் ஓட்டுவார்கள், மேடையிலும் பேசுவார்கள். அவர்களைத் தேடிக் கூப்பிடுங்கள். ஒரு டைப் 1 குழந்தையின் அப்பாவுக்கு, இருபத்தைந்து வயதில் வேலைக்குப் போய்க்கொண்டு சைக்கிள் மிதிக்கிற ஒருவரை நேரில் பார்ப்பது எப்படிப்பட்ட தெம்பு என்று எழுத்தில் சொல்ல முடியவில்லை.

என் மைத்துனர் அமெரிக்காவில் இருக்கிறார். எங்கள் ஓட்டத்துக்கு டாலரில் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று வைத்திருக்கும் கணக்கில்தான் வாங்க முடியும். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கி மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

ஸ்டிரிப், ஊசி என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் நோய் தீருமா? திரட்டுகிற பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதுதானே சரி?
– கல்லூரி மாணவர், கிண்டி

நியாயமான கேள்வி, எனக்கே இதில் இரண்டு மனசு உண்டு.

ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் பலன் வருமா என்றால் வரும், ஆனால் மெதுவாக வரும். 1970-ல் அமெரிக்காவில் டைப் 1 குழந்தைகளின் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கினார்கள். ஜேடிஆர்எஃப் என்று பெயர், 2024-ல் பிரேக்த்ரூ டி1டி என்று மாற்றிக்கொண்டார்கள். ஊர் ஊராக நடை, சைக்கிள் பயணம் என்று பணம் திரட்டித்தான் ஆராய்ச்சிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பணம் கொடுத்து வளர்த்த ஆராய்ச்சிகளில் ஒன்று டெப்லிசுமாப் என்ற மருந்து. 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் வரப்போகிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தால், நோய் முழுதாக வெளிப்படுவது ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. இரண்டு வருடம்தானா என்று தோன்றும். ஏழு வயதில் ஊசி தொடங்குவதும் ஒன்பது வயதில் தொடங்குவதும் ஒன்றல்ல, ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊரிலும் ஆராய்ச்சி நடக்கிறது. இளம் வயதில் சுகர் வந்தவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, இங்கே சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் போன்றவை பல வருடமாக இந்த வேலையில் இருக்கின்றன. இந்தியாவில் இருபது வயதுக்குக் கீழே டைப் 1 உள்ளவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல், உலகத்திலேயே அதிக எண்ணிக்கை உள்ள நாடுகளில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். நம் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி நம் ஊரில்தான் நடக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனாலும் நீங்கள் கல்லூரியில் ஓடித் திரட்டப்போவது ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ. அது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கடலில் கரைத்த பெருங்காயம், திருவொற்றியூரில் ஒரு வீட்டில் ஒன்றரை முதல் மூன்று வருட ஸ்டிரிப். மருந்து கண்டுபிடிக்கப்படும் நாளில் அந்தப் பிள்ளை கண் பார்வையோடும் நல்ல சிறுநீரகத்தோடும் இருக்க வேண்டும் இல்லையா? அதற்கு இன்றைக்குக் குத்திப் பார்க்க வேண்டும். அதனால் சின்னத் தொகையை ஸ்டிரிப்புக்கும் இன்சுலினுக்கும் கொடுங்கள் என்பேன். பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பக் கடிதம் எழுதுங்கள், அவர்களுக்குத்தான் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கும் கடமை இருக்கிறது. இடையில் இன்னொரு வழியும் உண்டு, சென்னை ரன்னர்ஸ் ஜனவரியில் நடத்தும் சென்னை மாரத்தான் போன்ற பெரிய ஓட்டங்கள் டைப் 1 குழந்தைகளுக்காகப் பணம் திரட்டிக் கொடுத்திருக்கின்றன. கோவையில் உள்ள இதயங்கள் அறக்கட்டளை போன்றவர்கள் அதை இன்சுலினாகவும் கருவியாகவும் குழந்தைகளிடம் சேர்க்கிறார்கள். தனியாக மேடை போடாமல் நண்பர்கள் பத்துப் பேர் அப்படி ஒரு ஓட்டத்தில் சேர்ந்து ஆளுக்குப் பத்துப் பேரிடம் வாங்கினால், செலவே இல்லாமல் முழுப்பணமும் போய்ச் சேரும்.

எனக்கு 68 வயது. முழங்கால் வலி, ஓடவோ நடக்கவோ முடியாது. பென்ஷனில் பெரிதாகக் கொடுக்கவும் வழியில்லை. ஆனால் உங்கள் மகளைப் பற்றிப் படித்ததிலிருந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, மயிலாப்பூர்

அம்மா, உங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது இல்லையா?

இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பிரித்த பாட்டில் வெளியே சுமார் நான்கு வாரம் தாங்கும், அதுவும் அறை குளுமையாக இருந்தால். நம் ஊர் மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது நடக்கிற காரியமா? எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மாதிரி இடங்களில் மருந்து இலவசமாக வாங்கிக்கொண்டு வருகிறவர்களில் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் உண்டு. மண்பானையில் ஈரத் துணி சுற்றி அதற்குள் ஒரு டப்பாவில் வைப்பார்கள், அது ஓரளவுக்கு உதவும். கரண்ட் போனால், கோடை முற்றினால், போதாது. மருந்து கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம், ஊசி போட்டும் குழந்தைக்கு சுகர் குறையாது, என்னமோ சாப்பிட்டுவிட்டான் என்று பிள்ளைக்குத்தான் திட்டு விழும்.

உங்கள் தெருவில், பக்கத்துச் சந்தில், வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். அப்படி ஒரு குழந்தை இருந்தால் மாத மருந்தை உங்கள் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இப்படி இரண்டு பிள்ளைகளுக்கு வைத்திருந்தார், ஒரு பழைய டிபன் பாக்ஸில், மூடியில் மார்க்கரால் பெயர் எழுதி. அந்தப் பிள்ளைகள் பாட்டிலை எடுக்க வரும்போது ஒரு நோட்டில் அன்றைய சுகர் எண்ணையும் எழுதவைப்பார். நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், அந்த நோட்டு உங்களுக்கு இன்னும் நன்றாக வரும்.

கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வேண்டாம், ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.